ஊவா மலைநாடும் விஞ்ஞானக் கல்வியும்: மாணவர் ஆர்வம் குன்றுவது ஏன்?

விஞ்ஞானக் கல்வியில் இளைஞர்க்குள்ள ஆர்வம் குன்றிவருகின்றது என்னும் முறையீடு இன்று உலகின் பல பாகங்களிலும் எழுந்துள்ளது. செல்வம் மிக்க நாடுகளில் இது நெடுங்காலமாகவே கேட்கப்படுகின்றது. நோர்வே நாட்டுக் கல்வியறிஞர் சுவைன் சோபெர்க் என்பார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகளின் பதினைந்து வயது மாணவரிடையே நடத்திய ஒப்பாய்வு ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு நாடு வாழ்க்கை வளத்தில் எவ்வளவுக்கு உயர்ந்து நிற்கின்றதோ, அவ்வளவுக்கு அந்நாட்டு இளைஞர் விஞ்ஞானத்தில் நாட்டங் குறைந்தவராய் இருக்கின்றனர் என்பதும், வளங்குறைந்த நாடுகளின் மாணவரே விஞ்ஞானத்தைக் கற்க மிக விழைகின்றனர் என்பதும் அவ்வாய்வினாற் பெறப்பட்ட முடிபு.

இம்முடிபை ஊவா மாகாணத்தோடு பொருத்தி நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, வெலிமடை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகள் செல்வச் செழிப்பாற் சலிப்புற்றவரல்லர். விஞ்ஞானம் பயில்வது குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லது என்னும் நம்பிக்கையோடு அவர்கள் உயர்தர வகுப்பிற் காலடி வைக்கின்றனர். அங்ஙனம் வந்தவருட் பலர், சில மாதங்கள் கழியுமுன்னரே, பாடத்தைச் சுமையாகக் கருதத் தொடங்குகின்றனர். வேறு பிரிவுக்கு மாறுவார் சிலர். மாறாதிருப்பாரும் உள்ளம் ஒன்றாது பயில்வர். பல்கலைக்கழகம் புகுந்த பின்னும் இந்நிலை தீராதாரும் உளர். ஆகவே இங்கு ஆராயப்பட வேண்டியது ஆர்வம் இன்மையன்று. உள்ள ஆர்வம் இழக்கப்படுதலே. வாயிலில் விளக்கோடு வந்தவன் உள்ளே புகுந்ததும் விளக்கணைந்து நிற்பானாயின், வந்தவனைக் குறை கூறுதல் தகாது; வீட்டினுள் வீசும் காற்று யாது எனக் காணுதலே முறை.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் மூன்று. விஞ்ஞானம் இயல்பிலேயே கடினமானது, எல்லார்க்கும் எட்டாதது என்பது ஒன்று. ஆய்வுகூடமும் ஆசிரியரும் போதாமை மற்றொன்று. கற்கும் மொழியின் இடர்ப்பாடு மூன்றாவது. இவை மூன்றும் எவ்வளவுக்கு உண்மையென்பதை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும்.

முதலாவது காரணம் கேட்பதற்கு எளிது, ஆராய்வார்க்கு நில்லாது. அமெரிக்க நாட்டில் விஞ்ஞானப் பட்டப்படிப்பைத் தொடங்கி இடையில் விட்டகன்ற மாணவரையும் விடாது தொடர்ந்த மாணவரையும் ஏழு உயர்கல்வி நிலையங்களில் நேரிற் கண்டு வினவிய இலேன் சீமோர், நான்சி ஹூவிற் என்னும் ஆய்வாளர் இருவர், தம் முடிபுகளை 1997-இல் நூலாக வெளியிட்டனர். விட்டகன்றோரும் தொடர்ந்தோரும் ஆற்றலிற் பெரிதும் வேறுபட்டாரல்லர் என்பதே அந்நூலின் தலையாய செய்தி. கற்பிக்கும் முறை பற்றிய குறையை இரு சாராரும் ஒருங்கே கூறினர். தொடர்ந்தோர் அதனைச் சகித்துக்கொண்டனர், அகன்றோர் சகித்திலர் என்பதே வேற்றுமை. செல்வமும் நூலகமும் ஆய்வுகூடமும் நிறைந்த இடத்தில் நிகழ்ந்தது இது. ஆகவே மலையகத்து மாணவர் ஒருவர் பௌதிகவியலைக் கைவிடும்போது, அவரது அறிவாற்றலின் மேற் பழி சுமத்துவோர் ஆராயாது கூறுகின்றனர் என்றே கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது காரணம் புறக்கணிக்கத்தக்கதன்று. அதன் வேர் வரலாற்றில் ஆழ்ந்துள்ளது. இலங்கையில் இலவசக் கல்வி 1945-இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அந்நீரோட்டத்திற்கு அப்பாலே நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்பதே பெரும்பாலான தோட்டங்களின் நிலையாயிருந்தது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அவ்விடர் முற்றாகத் தீரும் சட்டம் 2003-இலேதான் வந்தது. தோட்டங்கள் 1970-களில் அரசுடைமையாகிய பின்னரே அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. சுவீடன் நாட்டின் உதவியாற் கட்டடங்கள் எழுந்ததும், ஜேர்மன் நாட்டின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானதும் அதற்குப் பிற்பட்ட நிகழ்ச்சிகள். நாட்டின் ஏனையோர் ஒரு தலைமுறைக்கு மேல் நுகர்ந்த கல்வியின் பயனை மலையகப் பிள்ளைகள் அதன்பின்னரே சுவைக்கத் தொடங்கினர்.

இன்றும் இலங்கையில் உள்ள ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளுள், உயர்தர விஞ்ஞானப் பிரிவை உடையன ஏறத்தாழ 1,000 மட்டுமே. அவற்றுள்ளும் தமிழ்மொழி மூலம் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஆகிய நான்கிற்கும் தகுதியுடைய ஆசிரியரைப் பெற்றுள்ளவை மலைநாட்டில் மிகச் சிலவே. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படும் முறையில் பதுளையும் அப்பதினாறனுள் ஒன்றாய் இடம்பெறுகின்றது. ஆயினும் அம்முறை மாவட்டத்தை அளக்கின்றதேயன்றி, மாவட்டத்தினுள் நகரத்தையும் லயத்தையும் வேறு பிரித்து அளப்பதில்லை. பதுளை நகரில் நன்கு அமைந்த ஆய்வுகூடத்தில் பயின்றவரும், கொழுந்து ஏற்றும் வண்டி செல்லும் பாதையில் நடந்து வந்து பயின்றவரும் ஒரே வரிசையிலேயே நிறுத்தப்படுகின்றனர்.

இவை யாவும் உண்மையே. ஆயினும் நுணுகி நோக்கின், இக்காரணம் விஞ்ஞானப் பிரிவிற் சேர்வோர் ஏன் சிலராயினர் என்பதை விளக்குகின்றதேயன்றி, சேர்ந்தோர் ஏன் ஆர்வம் இழந்தனர் என்பதை முற்றும் விளக்குவதன்று. நல்ல ஆய்வுகூடத்தை உடைய கல்லூரிகளிலும் இக்குறை கேட்கப்படுகின்றது. கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக வைக்கப்பெற்றுப் பரீட்சை மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் தூசு துடைக்கப்பெறும் கருவிகள் ஆர்வத்தை வளர்ப்பதில்லை.

மூன்றாவது காரணமாகிய மொழியைப் பற்றிப் பேசுவோர் இரு திறத்தினர். தமிழில் விஞ்ஞானம் பயின்றதே தவறு என்பார் ஒரு சாரார். அக்கூற்றை வரலாறு மறுக்கின்றது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860-களிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடலமைப்பியல், அறுவை மருத்துவம், இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்களும் ஆக்கினார். மட்டக்களப்பு மண்ணிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்று விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். பின்னர்த் துறவு பூண்டு, தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திலும் முன்னின்று உழைத்தவர். இசை நரம்புகளின் சுருதி அளவைக் கணித நெறியால் ஆராய்ந்து 1947-இல் அவர் வெளியிட்ட யாழ்நூல், விஞ்ஞானப் பயிற்சி பெற்ற ஓருள்ளம் தமிழின் பழம்பொருளையும் புதிதாகக் காணவல்லது என்பதற்குச் சான்று.

இடர்ப்பாடு தமிழிற் பயில்வதில் இல்லை. பாதி வழியில் மொழி மாறுவதில் உள்ளது. உயர்தரம் வரை ஒட்சிசன், காபன், விசை, உந்தம் என்று பயின்றவர், பல்கலைக்கழக வாயிலில் அச்சொற்கள் அனைத்தையும் களைந்துவிட்டு ஆங்கிலத்தில் மீண்டும் அரிச்சுவடி தொடங்க வேண்டியவராகின்றார். துணைநூல் தேடித் தமிழ்நாட்டு நூல்களை நாடுவாரெனின் அங்குப் பௌதிகவியல் இயற்பியலாகவும், இரசாயனவியல் வேதியியலாகவும் நிற்கின்றது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர் கற்பதிற் காலம் கழிய, பொருளை அறிதற்குக் காலம் எஞ்சுவதில்லை. இதுவும் மெய்யான தடையே. ஆயினும் ஆர்வம் இழக்கப்படுதல் பல்கலைக்கழகத்துக்கு முன்னரே, தாய்மொழியிற் பயிலும் வகுப்பிலேயே, தொடங்கிவிடுகின்றது. எனவே மூலகாரணம் இதற்கும் முற்பட்டதாதல் வேண்டும்.

அம்மூலகாரணத்தை எளியதோர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கும் என்பது சிறுவகுப்பு மாணவரும் அறிந்த செய்தி. பண்டாரவளையில் நீர் 100 பாகையிற் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த அந்நகரில் வளியமுக்கம் குறைவாதலின், நீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். பதுளையில் அது 98 பாகையை அணுகும்; நுவரெலியாவில் 94 பாகைக்கு இறங்கும்; கொழும்பிலேதான் 100. இந்நான்கு இடங்களில் ஒரு வெப்பமானியை வைத்தால், வளியமுக்கம் பற்றிய பாடம் முழுவதும் நான்கு புள்ளிகளில் வரையப்பட்டுவிடும்.

வகுப்பில் நிகழ்வது யாது? செய்முறை ஏட்டில் மாணவி ஒருத்தி தான் கண்ட 96 என்னும் எண்ணை எழுதுவாளாயின், வெப்பமானி பழுது என்றோ, அவதானம் பிழை என்றோ கூறப்பட்டு அது 100 எனத் திருத்தப்படும் வாய்ப்பே பெரிது. பெரும்பாலும் அவளே திருத்தி விடுவாள். ஏனெனில் புள்ளி 100-க்கே உரியது என்பதை அவள் முன்னரே கற்றிருக்கின்றாள். அத்திருத்தம் நிகழும் கணத்திலேயே விஞ்ஞானம் அவளிடமிருந்து விடைபெற்றுக்கொள்கின்றது. கண்ணாற் கண்டதை நூலின் பொருட்டு அழிக்கக் கற்றவளுக்கு அதன்பின் அப்பாடத்தில் எஞ்சுவது மனனம் ஒன்றே. மனனத்தில் ஆர்வம் கொள்வார் யாருமிலர். அதனைச் சகித்துக்கொள்வார் மட்டுமே உளர்.

பரீட்சை முறை இந்நோயை வளர்க்கின்றது. செய்முறை அறிவும் எழுத்து வினாத்தாளின் வழியாகவே பெரிதும் சோதிக்கப்படுதலின், பரிசோதனையைச் செய்வதினும் செய்ததாக எழுதுதல் பயனுடையதாகத் தோன்றுகின்றது. வார இறுதியில் நகரத்துப் பிரத்தியேக வகுப்புக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளை, அதிகாலையிற் புறப்பட்டு, நெருங்கிய வாங்குகளிடையே அமர்ந்து, கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளித் திட்டங்களையும் பிரதி செய்துகொண்டு மாலையில் மீளுகின்றது. அங்கு வினா கேட்போர் இல்லை. விடை மட்டுமே உண்டு. விஞ்ஞானம் பிறந்தது வினாவிலிருந்து. அது விடையாக மட்டும் வழங்கப்படுமாயின் உயிர் நீங்கிய உடலாகவே வந்து சேரும்.

பரீட்சையில் வெற்றி பெறுதல் விளக்கம் பெறுதலாகாது என்பதும் ஆய்வாற் காணப்பட்டதே. ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர், கணக்குகளை எளிதில் தீர்க்கும் தம் மாணவர் பலர், நியூற்றனின் விதிகள் பற்றிய எளிய சொல்வினாக்களில் இடறுவதைக் கண்டு, 1990-களில் தம் கற்பித்தல் முறையையே மாற்றிக்கொண்டார். விரிவுரையைக் குறைத்து, ஒரு வினாவை முன்வைத்து, மாணவர் தம்முள் வாதிட இடமளித்தார். உலகின் தேர்ந்த மாணவர் கூடும் இடத்திலேயே மனனமும் சூத்திரமும் விளக்கத்தின் வேடம் புனைய முடியுமெனின், ஏனைய இடங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

இதற்கு மாறாக, ஆர்வம் எங்ஙனம் பிறக்கின்றது என்பதற்குத் தமிழ்நாடு தந்த அறிஞர் ஒருவரின் வாழ்க்கையே சான்றாகும். சி. வி. இராமன் 1921-இற் கப்பலிற் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலநிறத்தைக் கண்டு, அது வானத்தின் பிரதிபலிப்பே என்று அக்காலத்திற் கூறப்பட்ட விளக்கத்தை ஐயுற்றார். கையடக்கமான ஒரு கருவியைக் கொண்டு கப்பலிலேயே சோதித்தார். அவ்வையத்தின் வழியே சென்ற ஆராய்ச்சி 1928-இல் அவர் பெயரால் வழங்கும் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் கனிந்தது. அப்புத்தளை முகட்டில் நின்று தெற்கு நோக்குவார்க்கு அடுக்கடுக்காய் நீலமாக மங்கிச் செல்லும் மலைகள் தோன்றும். அருகே பச்சையாய் உள்ள மலை அகல அகல நீலமாவது ஏன் என்பதும் ஒளிச்சிதறல் பற்றிய வினாவே. நாள்தோறும் அக்காட்சியைக் காணும் மாணவர், ஒளிச்சிதறலை ஏட்டில் எழுதிக்கொள்ளுகின்றனர். சன்னலுக்கு வெளியே பார்க்குமாறு அவரை ஏவுவார் இலர்.

ஊவாவைப்போல் விஞ்ஞானத்தைக் கண்முன் விரித்து வைத்த நிலங்கள் பல இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மழையைச் சொரிந்துவிட்டு, ஊவாவின் பக்கம் உலர்காற்றாக இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் அக்காற்றாலேயே ஊவாத் தேயிலை தனிமணம் பெறுகின்றது. அம்மணத்தின் முதன்மையான கூறுகளுள் ஒன்று மெதயில் சலிசிலேற்று என்னும் சேர்வை. உடல்நோவுக்குப் பூசும் தைலங்களில் மணப்பதும் அதுவே. கூடை சுமந்த தோளுக்குத் தாய் மாலையிற் பூசும் தைலத்தின் வாசனைக்கும், அவள் பறித்த கொழுந்து உலகச் சந்தையில் உயர்விலை பெறுவதற்குக் காரணமான வாசனைக்கும் பொதுவாயுள்ள இப்பொருள், மகளின் சேதன இரசாயன ஏட்டில் ஒரு சூத்திரமாக மட்டும் கிடக்கின்றது. மூன்றும் ஒன்றே என்று அவளுக்குக் கூறிய நாள் அவளாற் மறக்கப்படுமோ?

தேயிலைத் தொழிற்சாலையின் செய்தியும் இத்தகையதே. வாட்டி உருட்டிய கொழுந்து செம்பு நிறமாகும் நிலையைத் தொழிற்சாலையில் நொதித்தல் என்பர். இரசாயனவியலோ, இலையிலுள்ள நொதியங்களின் துணையால் வளியின் ஒட்சிசன் கொண்டு நிகழும் ஒட்சியேற்றம் என்று அதனை வகுக்கும். மதுவாக்கும் நொதித்தலில் நுண்ணுயிர்கள் தொழிற்படுவதுபோல் இங்கு அவை வேண்டப்படுவதில்லை. வழக்குச்சொல்லுக்கும் விஞ்ஞானச் சொல்லுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை வினவும் மாணவர், அக்கணமே விஞ்ஞானியராய் விடுகின்றனர். 1924-இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, 44 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றத்தை மிகாதிருக்கும் பொருட்டுத் தெமோதரையில் ஒரு குன்றைச் சுற்றி வளைந்து, அந்நிலையத்தின் கீழேயே குகை வழியாகப் புகுந்து செல்கின்றது. சாய்தளம் பற்றிய பாடத்துக்கு இதனினும் சிறந்த உருவப்படம் எந்நூலில் உளது?

இவை மனத்துக்கு இன்பம் தரும் எடுத்துக்காட்டுக்கள். ஆயின் ஊவாவில் விஞ்ஞானம் இன்பம் பற்றிய செய்தி மட்டுமன்று. உயிர் பற்றிய செய்தியுமாம். 2014 ஒக்டோபர் 29-ஆம் நாட் காலை, அல்துமுல்லைப் பகுதியின் கொஸ்லந்தை மீரியாபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகளுட் சிலர் மீண்டு வந்து பெற்றோரைக் காணாராயினர். அவ்விடம் ஆபத்துடையது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தமை பின்னர் வெளிப்பட்டது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அகலாமைக்கு அறியாமையே காரணமென்று கூறுதல் அநீதி. சொந்த நிலமோ மாற்று வீடோ இல்லாதவர் எங்குச் செல்வர்? ஆயினும் ஒன்று கூறலாம். கொழும்பில் எழுதப்பட்ட அறிக்கைக்கும் லயத்து மக்களுக்கும் இடையில், அவ்வறிக்கையை மொழிபெயர்த்து, நிலத்தில் தோன்றும் வெடிப்பையும் சாயும் மரத்தையும் புதிதாய்க் கசியும் ஊற்றையும் சுட்டிக்காட்டி, வீடு தருமாறு சான்றோடு வாதாட வல்லவர், அத்தோட்டங்களிற் பிறந்த விஞ்ஞானம் கற்றோரே. அத்தகையோர் போதிய அளவில் இல்லை.

உமா ஓயாத் திட்டம் மற்றொரு சான்று. அதன் நெடிய சுரங்கத்தைக் குடைந்து செல்கையில் 2014 டிசெம்பரில் நிலத்தடி நீர் பெருக்கெடுத்து உட்புகுந்தது. அதனைத் தொடர்ந்து பண்டாரவளைச் சூழலிற் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017-இல் மக்கள் பண்டாரவளையில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். 120 மெகாவாற்று மின்னாக்க வல்ல அத்திட்டம் 2024 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பெற்றது. பாறைப் பிளவுகளின் வழியே நீர் எங்ஙனம் இயங்குகின்றது, சுரங்கத்தில் வடிந்த நீருக்கும் மலைமேற் கிணற்றுக்கும் உள்ள தொடர்பை எங்ஙனம் நிறுவுவது என்னும் வினாக்கள் அவ்வூர் மக்களின் அடுப்படி வரை வந்துவிட்டன. 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டபோதும், நைதரசன் இன்றித் தேயிலைச் செடி தளிர்க்குமா என்பது தோட்டத்தின் நாட்சம்பளத்தைத் தொட்ட வினாவாயிற்று. இவ்வளவு வினாக்கள் சூழ்ந்த நிலத்தில் வாழும் மாணவர், விஞ்ஞானம் தம் வாழ்வோடு தொடர்பற்றது என்று கருதுவாராயின், அத்தொடர்பை அவர்க்குக் காட்டாதது கல்வியின் பிழையேயாம்.

இவ்வாதத்துக்கு எதிராகக் கூறப்படுவது ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. வறிய மாணவர்க்குப் பரீட்சை ஒன்றே படிக்கட்டு. அதனை வியப்பிலும் வினாவிலும் செலவிட அவரிடம் காலமில்லை. ஊவாவின் காற்றைப் பற்றி ஆராய்ந்தவர்க்கு எவரும் புள்ளி வழங்கார் என்பதே அக்கூற்று. இதனுட் பாதி உண்மையுண்டு. பரீட்சையை இகழ்ந்து பேசுதல், அதனைக் கடந்து வந்தோர்க்கு எளிது. கடக்க நிற்போர்க்கு எளிதன்று. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் ஹோசங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பாடசாலைகள் பதினாறில் 1972-இல் தொடங்கப்பெற்ற விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம், மலிவான பொருள்களைக் கொண்டு மாணவரே பரிசோதித்து அறியும் முறையை நாட்டி, பின்னர் நூற்றுக்கணக்கான பாடசாலைகளுக்குப் பரவிற்று. முப்பது ஆண்டு நடந்த அத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நல்ல முறை என்பதனாலேயே ஒன்று நிலைபெறும் என்று எதிர்பார்த்தற்கில்லை.

ஆயினும் அக்கூற்றின் மறுபாதி பிழையானது. வினாவோடு கற்றவர் பரீட்சையில் தோற்பர் என்று கொள்ளுதற்கு ஆதாரமில்லை. 96 பாகையைக் கண்டு அதன் காரணத்தை அறிந்த மாணவி, வளியமுக்கம் பற்றிய எவ்வினா வரினும் விடை எழுதுவாள். 100 பாகையை மட்டும் மனனம் செய்தவள், வினா சற்றுத் திரும்பி நிற்பின் திகைப்பாள். மேலும், பதவியையும் ஊதியத்தையும் மட்டுமே பற்றுக்கோடாகக் கொண்ட ஆர்வம், அவை கைகூடாதபோது உடன்மாயும். மருத்துவமும் பொறியியலும் கிடைக்காதவர்க்கு விஞ்ஞானப் பட்டம் ஓர் ஆறுதற் பரிசு என்று கூறிக் கூறியே, அப்பட்டம் பயில்வாரின் உள்ளத்தைப் பெற்றோரும் கல்லூரிகளும் குன்றச் செய்துவிடுகின்றனர். பொருளின்மேற் கொண்ட ஆர்வம் ஒன்றே ஏமாற்றத்தைத் தாங்கி நிற்கும்.

செய்யத்தக்கது யாது? பாடவிதானத்தை மாற்றுதலும் ஆசிரியரை நியமித்தலும் அரசாங்கத்தின் கடமை. அவற்றை வற்புறுத்துவது சமூகத்தின் கடமை. கல்லூரி ஒன்று எவருடைய அனுமதியையும் எதிர்பாராது செய்யக்கூடியனவும் உள. மழைமானி ஒன்றை ஒரு போத்தலும் அளவுகோலும் கொண்டு மாணவரே ஆக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும், 100 மில்லிமீற்றரில் ஆபத்தை எதிர்பார்த்தல் வேண்டும், 150 மில்லிமீற்றரில் இடம்விட்டு அகலுதல் வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள எல்லைகளை ஒவ்வொரு லயத்திலும் ஒரு மாணவரேனும் அறிந்திருத்தல் அரிதன்று. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் பெருமழையால் மலையகமெங்கும் மண் சரிந்து உயிர்கள் பல மாய்ந்தபின், இவ்வறிவு பாடத்துக்குப் புறம்பானது என்று கூறத்துணிவார் இலர். அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஆண்டுக்கொருமுறை இரசாயன வகுப்பாகலாம். 2005-இல் பதுளையில் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கின்றது. அதன் வாயிலுக்கும் லயத்துக்கும் உள்ள தூரம் பேருந்துக் கட்டணத்தால் அளக்கப்படும் தூரம் மட்டுமாயிருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் முற்பட்டது ஆசிரியர் உள்ளத்தின் மாற்றம். விடையறியா வினாவை மாணவர் கேட்கும்போது, அதனைப் பாடத்துக்கு அப்பாற்பட்டதென்று விலக்காது, அறியேன், இருவரும் தேடுவோம் என்று கூறவல்ல ஆசிரியர் ஒருவர், பல ஆய்வுகூடங்களுக்கு நிகராவார். அச்சொல்லால் அவர்தம் மதிப்புக் குறைவதில்லை. விஞ்ஞானத்தின் மதிப்பு உயர்கின்றது.

கல்லூரி மாணவர் விஞ்ஞானத்தில் ஆர்வம் இழக்கின்றனர் என்பது முழுவதும் உண்மையன்று. அவர்கள் இழப்பது விஞ்ஞானம் என்னும் பெயரால் அவர்க்கு அளிக்கப்படும் விடைத்தொகுதியின் மேலுள்ள ஆர்வத்தையே. மெய்யான விஞ்ஞானத்தைப் பலர் இன்னும் சந்தித்ததே இல்லை. பண்டாரவளையின் வகுப்பறை ஒன்றில், கொதிக்கும் நீரில் நிற்கும் வெப்பமானியை நோக்கி, தான் கண்ட 96 என்னும் எண்ணை ஒரு மாணவி அஞ்சாது ஏட்டில் எழுதி, அது ஏன் 100 அன்று என்று எழுந்து கேட்கும் நாளே, ஊவாவின் விஞ்ஞானக் கல்வி தொடங்கும் நாளாகும்.